நஞ்சைப் பற்றும் துரு

வங்காளத்தில், சிறப்பாக இருபத்துநான்கு பர்கனா மாவட்டங்களிலும் நதியா, முர்ஷிதாபாத் பகுதிகளிலும் குடியிருக்கும் தமிழ் நேயர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். குழாய்க் கிணற்றிலிருந்து அடித்து எடுக்கும்போது தண்ணீர் பளிங்குபோல் தெளிந்திருக்கிறது. அதனையே ஒரு குடத்தில் இரவெல்லாம் வைத்திருந்தால், காலையில் மேலே மெல்லியதோர் ஆடையும் அடியிலே செம்மஞ்சள் வண்டலும் காணப்படுகின்றன. வெள்ளை வேட்டியை அந்நீரில் நாலு முறை அலசினால் அதனை வெள்ளை வேட்டி என்று சொல்வதற்கில்லை. 'இரும்புத் தண்ணீர்' என்று முகஞ்சுளித்து, வண்டலைச் சாக்கடையில் கொட்டிவிட்டு மறந்துவிடுகிறோம். நாம் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள் அந்த வண்டலே.

அது வேறொன்றும் அன்று, துருதான். மண்ணுக்கடியில் காற்றுப் புகாத இடத்தில் இரும்பு தண்ணீரில் கரைந்து நிற்கிறது. மேலே வந்து காற்றைக் கண்டவுடன் ஆக்சிஜனோடு சேர்ந்து, கரையாத ஆக்சைடாக மாறிப் படிகிறது. படியும்போது தான் மட்டும் படிவதில்லை. நீரில் கரைந்து கிடக்கும் ஈயம், செம்பு, காட்மியம், ஆர்செனிக் ஆகியவற்றில் ஒரு பகுதியையும் தன்மேல் ஒட்டிக்கொண்டு அடியிலே இறங்குகிறது. இரும்பின் ஆக்சைடுக்கு மட்டுமன்றி, மாங்கனீசின் ஆக்சைடுக்கும் அலுமினியத்தின் ஆக்சைடுக்கும் இந்தக் குணம் உண்டு. நகரங்களின் நீர்ச்சாலைகளில் படிகாரம் இடுவதன் பயனும் ஒருவகையில் இதுவே. படிகாரம் நீரில் கரைந்து அலுமினிய ஹைட்ராக்சைடு என்னும் பஞ்சு போன்ற பொருளாகத் திரண்டு, கலங்கலோடு வேறு சிலவற்றையும் வாரிக்கொண்டு செல்கிறது.

இந்தக் குணத்திற்கு இயற்கையே பெரியதொரு சான்றை ஆழ்கடலில் வைத்திருக்கிறது. 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களைச் சுற்றிவந்த 'சாலஞ்சர்' என்னும் ஆங்கிலக் கப்பல், கடலின் அடித்தளத்திலிருந்து உருளைக்கிழங்கு போன்ற கருநிறக் கட்டிகளை அள்ளி வந்தது. நம் நாட்டின் 'கவேஷணி' ஆராய்ச்சிக் கப்பலும் 1981-ஆம் ஆண்டு அரபிக்கடலிலிருந்து அத்தகைய கட்டிகளை எடுத்தது. அவை மாங்கனீசு, இரும்பு ஆக்சைடுகளால் ஆனவை. பத்து லட்சம் ஆண்டுகளில் சில மில்லிமீட்டர் அளவே வளர்பவை. கடல்நீரில் நிக்கலும் செம்பும் கோபால்ட்டும் அணுவத்தனை அணுவாகவே கரைந்துள்ளன. அவற்றை யுகயுகமாகப் பற்றிப் பற்றிச் சேர்த்ததனால், இன்று சுரங்கப் பொருளாகக் கருதும் அளவுக்கு அவ்வுலோகங்கள் அக்கட்டிகளில் செறிந்திருக்கின்றன.

பற்றுவது எவ்வாறு? இங்கே சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மொழிபெயர்ப்பு வேலையில் நாம் அடிக்கடி காணும் பிழை, 'உறிஞ்சுதல்' என்னும் ஒரே சொல்லை இருவேறு செயல்களுக்கு இட்டுவிடுவது. பஞ்சு தண்ணீரைத் தன் உள்ளே இழுத்துக்கொள்வது உறிஞ்சுதல். ஆக்சைடு செய்வது அதுவன்று. தன் மேற்பரப்பில் பிடித்து வைத்துக்கொள்கிறது. இதற்குப் பரப்புக் கவர்ச்சி என்று பெயர். உள்ளே போகாமல் மேலேயே நிற்பதால், பரப்பு எவ்வளவு விரிந்ததோ அவ்வளவுக்குப் பிடிக்கும் ஆற்றலும் மிகும். புதிதாகப் படிந்த துருவின் துகள்கள் மிக நுண்ணியவை. ஒரு கிராம் துருவின் துகள்களுக்கெல்லாம் உள்ள மேற்பரப்பைக் கூட்டினால் 200 சதுர மீட்டருக்கும் மேற்படும். சென்னை வழக்கில் சொன்னால், ஒரு சிட்டிகைத் துரு ஏறத்தாழ ஒரு கிரவுண்டு மனை.

அந்த மனை முழுதும், ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த சிறு கைகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. நீரில் அமிலத்தன்மை மிகுந்தால் அக்கைகள் நேர் மின்னேற்றம் பெறுகின்றன. காரத்தன்மை மிகுந்தால் எதிர் மின்னேற்றம் பெறுகின்றன. இரும்பு ஆக்சைடுக்கு இந்த மாற்றம் பி.எச். எண் 8-ஐ ஒட்டி நிகழ்கிறது. மாங்கனீசு ஆக்சைடோ நாம் குடிக்கும் எந்த நீரிலும் எதிர் மின்னேற்றமே கொண்டிருக்கும். ஈயம், செம்பு, காட்மியம் ஆகியவை நேர் மின்னேற்றம் உடையவை; ஆகையால் காரத்தன்மை ஏற ஏற நன்கு பற்றப்படும். ஆர்செனிக்கும் குரோமியத்தின் ஒரு வடிவமும் ஆக்சிஜனோடு கூடி எதிர் மின்னேற்றத்துடன் உலவுபவை. அவற்றுக்கு அமிலம் சற்றே மிகுந்த நீர்தான் ஏற்றது. ஒரே பொருள் எல்லா நீரிலும் எல்லா நஞ்சையும் ஒன்றுபோல் நீக்கும் என்று விளம்பரம் கூறுமாயின், அதனை ஐயத்தோடு படிப்பதே முறை. மின்கவர்ச்சியோடு செயல் நின்றுவிடுவதும் இல்லை. ஆர்செனிக் அருகில் வந்தபின் அக்கைகளில் இரண்டை விலக்கி, அவ்விடத்தில் தானே இரும்போடு நேராகப் பிணைந்துகொள்கிறது. இப்பிணைப்பு வலியது; வெறும் நீரில் அலசினால் போகாது.

இனி அந்த ஆர்செனிக்கைப் பற்றி. இரசாயன அறிஞர் இதனை முழு உலோகம் என்னாமல் அரை உலோகம் என்பர். ஆயினும் கன உலோகங்களின் வரிசையில் வைத்துப் பேசுவதே வழக்கம். நமக்கு இது புதிய பொருள் அன்று. சித்த மருத்துவர் பாஷாண வகைகளில் இதனை அறிவர். கூத்தர் முகத்தில் பூசிய மஞ்சள் அரிதாரம் ஆர்செனிக்கும் கந்தகமும் சேர்ந்த கனிமமே. நீரில் கரைந்தபின் இதற்கு நிறமும் மணமும் சுவையும் இல்லை. குடிநீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கலாகாது என்று உலக சுகாதார நிறுவனம் 1993-இல் வரையறுத்தது. ஒரு கிராம் ஆர்செனிக் ஒரு லட்சம் லிட்டர் நீரில், அதாவது பத்து டாங்கர் லாரி நீரில், கரைந்தால் எவ்வளவோ அவ்வளவு. வங்காளத்துக் குழாய்க் கிணறுகள் பலவற்றில் இதனைப்போல் பத்து மடங்கும் அதற்கு மேலும் காணப்பட்டிருக்கிறது.

1983-ஆம் ஆண்டில், அன்றைய கல்கத்தாவின் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் தோல் மருத்துவராயிருந்த கே. சி. சாஹா, கிராமத்து நோயாளர் சிலரின் உடலில் மழைத்துளி தெறித்தாற்போன்ற கரும்புள்ளிகளையும், உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் காய்ப்புகளையும் கண்டார். குட்டமோ என்று ஊரார் ஒதுக்கிய அந்நோய், குடிதண்ணீரால் வந்த ஆர்செனிக் நோய் என்பதை அவர் தெளிவுபடுத்தினார். பின்னர் ஜாதவ்பூர் பல்கலைக் கழகத்தின் தீபங்கர் சக்ரவர்த்தி, 2018-இல் மறையும்வரை, முப்பது ஆண்டுக்காலம் கிணறு கிணறாக நீர் எடுத்துச் சோதித்து இக்கேட்டின் பரப்பை உலகுக்குக் காட்டினார். வங்கதேசத்தில் மட்டுமன்றிப் பீகாரிலும் உத்தரப் பிரதேசத்தின் பலியாவிலும் அசாமிலும் இது உண்டு என்பது படிப்படியாகத் தெரியவந்தது. நோய் ஆண்டுக்கணக்கில் மறைந்திருந்து தோன்றும். நாளடைவில் தோல், நுரையீரல், சிறுநீர்ப்பை ஆகியவற்றில் புற்றாகவும் முடியலாம். மருந்தினும் முதலாவதாக வேண்டுவது, அந்த நீரைக் குடிப்பதை நிறுத்துவது. இதிலே துயரமானது என்னவெனில், குளத்து நீரால் பரவிய காலராவுக்கும் வயிற்றுப்போக்குக்கும் அஞ்சியே, நல்லெண்ணத்தோடு, அக்குழாய்க் கிணறுகள் ஊர்தோறும் இறக்கப்பட்டன.

நஞ்சு அங்கே எப்படி வந்தது? தொழிற்சாலை எதுவும் கொட்டியதன்று. இமயத்துப் பாறைகளிலிருந்து ஆறுகள் அரித்து வந்த மணலின் ஒவ்வொரு பரலின்மேலும் துருவின் மெல்லிய பூச்சு இருந்தது. வழியிலெல்லாம் ஆர்செனிக்கைப் பற்றியபடியே அத்துரு வந்து கழிமுகத்தில் படிந்தது. அதுவரை நன்மையே. ஆனால் கழிமுகச் சேற்றில் இலைதழை மக்கிக் காற்று அற்றுப்போனபோது, அங்கு வாழும் நுண்ணுயிர்கள் ஆக்சிஜனுக்குப் பதிலாகத் துருவையே மூச்சுக்குப் பயன்படுத்தின. துரு கரைந்தது, அதன் கையில் இருந்த ஆர்செனிக்கும் நீரில் விடுபட்டது. குடத்தில் நாம் காணும் இரும்பு, அங்ஙனம் கரைந்த துருதான். மேலே வந்து மீண்டும் துருவாகும்போது, கைவிட்டதில் ஒரு பங்கை மறுபடி பற்றுகிறது. ஒரு பங்கை மட்டும் என்பதை நேயர்கள் மனத்தில் கொள்ள வேண்டும். குடத்தில் தெளியவைத்து இறுத்தால் போதும் என்று நம்பியிருத்தல் கூடாது.

ஆழத்தில் கிடக்கும் பழைய மணற்படுகைகளில் துரு இன்னும் கரையாமல் இருக்கிறது. அங்கே மணல் செம்பழுப்பு நிறம். துரு கரைந்துபோன படுகைகளில் மணல் சாம்பல் நிறம். கிணறு இறக்கும்போது வெளிவரும் மணலின் நிறத்தைப் பார்த்தே, செம்மண் நிறமாயின் நீர் பெரும்பாலும் நல்லது, சாம்பலாயின் ஐயத்திற்குரியது என்று வங்கதேசத்துக் கிணற்றுத் தொழிலாளர் கணிப்பதுண்டு. ஆராய்ச்சியாளர் அளந்து பார்த்து, அக்கணிப்பில் உண்மை இருப்பதாகவே கண்டனர்.

மண்ணுக்குள் துரு செய்த வேலையை மண்ணுக்கு மேலே நாமே செய்வித்தால் என்ன என்பதுதான் வடிகட்டிகளின் அடிப்படை. இதில் ஒரு முட்டுக்கட்டை உண்டு. காற்றில்லா ஆழத்து நீரில் ஆர்செனிக் பெரும்பாலும் 'ஆர்செனைட்' என்னும் வடிவில் இருக்கிறது. அதற்கு மின்னேற்றம் இல்லை. ஆகவே துருவின் கைகளுக்கு அது எளிதில் அகப்படுவதில்லை. அதனை 'ஆர்செனேட்' ஆக மாற்றிய பின்னரே பிடிப்பு உறுதியாகும். அம்மாற்றத்தை மாங்கனீசு ஆக்சைடு செம்மையாகச் செய்கிறது. ஆனால் அதே மாங்கனீசு ஆக்சைடு குரோமியத்திடம் நேர்மாறாக நடந்துகொள்கிறது. மண்ணில் தீங்கு குறைந்த வடிவில் கிடக்கும் குரோமியத்தை, எளிதில் கரையும் நச்சு வடிவாக அது மாற்ற வல்லது. ஒடிசாவின் சுகிந்தாவில் குரோமியச் சுரங்கங்களின் அருகே குடியிருப்போருக்கு இது ஏட்டுச் செய்தி மட்டும் அன்று.

இன்னொரு இடர், போட்டி. உரத்திலும் உயிர்ப்பொருளிலும் உள்ள பாஸ்பேட், ஆர்செனேட்டைப் போன்றே உருவம் உடையது. நெரிசலான ரயிலில் முதலில் ஏறியவர் துண்டுபோட்டு இடம் பிடித்துவிடுவதுபோல, பாஸ்பேட் மிகுந்த நீரில் துருவின் இடங்களை அது முன்னமே நிரப்பிவிடும். வங்காளத்து நிலத்தடி நீரில் பாஸ்பேட் குறைவன்று. சோதனைச் சாலையின் தூய நீரில் வென்ற பொருள்கள் ஊர்க் கிணற்றில் தோற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வங்கதேசத்தில் பிறந்து அமெரிக்காவில் பேராசிரியராக விளங்கிய அபுல் ஹுசாம், இரண்டு வாளிகளில் மணல், வார்ப்பிரும்புச் சீவல், செங்கல் ஜல்லி, மரக்கரி ஆகியவற்றை அடுக்கி 'சோனோ' என்னும் வடிகட்டியை அமைத்தார். இரும்புச் சீவல் நீரிலும் காற்றிலும் மெள்ளத் துருப்பிடித்துப் புதிய புதிய பரப்பைத் தானே உண்டாக்கிக்கொண்டிருக்கிறது. 2007-இல் அமெரிக்கப் பொறியியல் பேரவை நடத்திய போட்டியில் இதற்குப் பத்து லட்சம் டாலர் முதற் பரிசு கிடைத்தது. அதே போட்டியில் அடுத்த பரிசு பெற்ற குழுவில் இருந்தவர் அரூப் சென்குப்தா. அமெரிக்காவின் லீஹை பல்கலைக் கழகத்தவரான அவர், ஹௌரா சிப்பூர் பொறியியற் கல்லூரியாரோடு கூடி, அலுமினிய ஆக்சைடு நிரப்பிய பெரிய கலங்களை ஊர்ப் பொதுக் கைப்பம்புகளிலேயே பொருத்தி வந்தார். நம் சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் டி. பிரதீப் குழுவினர் வேறொரு வழி கண்டனர். புதிய துரு நாளாக ஆகப் படிகமாக இறுகித் தன் பரப்பை இழந்துவிடும். அதனை இறால், நண்டு ஓடுகளிலிருந்து எடுக்கும் கைட்டோசான் என்னும் பொருளின் வலைக்குள் சிறைவைத்தால் இறுகாமல் இளமையாகவே நிற்கும் என்று கண்டு, 2017-இல் அம்முடிவை வெளியிட்டனர். 'அம்ருத்' என்ற பெயரில் அமைந்த அவ்வடிகட்டிகள் மேற்கு வங்காளத்து ஊர்களிலும் வைக்கப்பட்டன.

இவ்வளவு அறிவு கைக்கு வந்தபின் கேடு ஒழிந்திருக்க வேண்டும் அல்லவா? கொல்கத்தாவுக்குத் தெற்கே, முப்பது கிலோமீட்டர் தொலைவில் உள்ள பாருய்பூர் வட்டாரத்தில், பதினொரு வெவ்வேறு தயாரிப்பாளர் நிறுவிய 19 ஆர்செனிக் நீக்கு நிலையங்களை ஜாதவ்பூர் பல்கலைக் கழகத்தார் இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து சோதித்து, 2005-இல் முடிவை வெளியிட்டனர். உலக சுகாதார நிறுவனத்தின் 10 மைக்ரோகிராம் எல்லைக்குள் நீரை இடைவிடாது தந்த நிலையம் ஒன்றுகூட இல்லை. அன்றைய இந்திய எல்லை 50. அதைக் காத்தவையும் இரண்டே. ஆய்வு முடிந்தபின் 19-இல் 15 பயன்பாட்டிலேயே இல்லை. ஆக்சைடின் குணம் பொய்த்ததாக நாம் கருதவில்லை. கைகள் நிரம்பியபின் எந்தத் துருவும் பற்றாது. மேலே படியும் வண்டலை அவ்வப்போது பின்னோட்ட நீரால் கழுவாவிட்டால் வழி அடையும். நீர் வருவது தெளிவாகவே இருப்பதால், நஞ்சு கடந்து வருவது கண்ணுக்குத் தெரியாது. மாதந்தோறும் வந்து பார்ப்பவர் யார், செலவை ஏற்பவர் யார் என்ற கேள்விக்கு விடை இல்லாத இடங்களில் இயந்திரம் துருப்பிடித்தது. சிப்பூர்க் குழுவினர் ஊராரே குழு அமைத்து, மாதந்தோறும் சிறு தொகை திரட்டிப் பராமரிக்குமாறு ஏற்பாடு செய்தனர். அவர்களுடைய நிலையங்கள் பல நெடுநாள் ஓடியதற்கு அதுவே பெரிதும் காரணம் என்று நமக்குத் தோன்றுகிறது.

வேலையின் பொருட்டு இப்பகுதிகளில் குடியேறும் நம்மவர், வாடகை வீடு பார்க்கும்போது தண்ணீர் வருமா என்று கேட்கிறோம். எங்கிருந்து வருகிறது என்று கேட்பதில்லை. ஆற்று நீரைச் சுத்திகரித்துக் குழாயில் தரும் இடமாயின் ஆர்செனிக் கவலை மிகக் குறைவு. வீட்டுக் குழாய்க் கிணறாயின், குடிப்பதற்கு முன் பொதுச் சுகாதாரப் பொறியியல் துறையின் சோதனைச் சாலையில் ஒரு புட்டி நீரைக் கொடுத்துப் பார்த்துவிடுவது நலம். அடுத்த வீட்டுக் கிணறு நல்லது என்பதனால் நம் கிணறும் நல்லது ஆகாது. முப்பது அடி தள்ளினால் அளவு பன்மடங்கு வேறுபடக்கூடும். காய்ச்சுவதால் கிருமி சாகும், ஆர்செனிக் போகாது, நீர் ஆவியாகிக் குறைவதால் அதன் செறிவு கூடவே செய்யும். ஆர்.ஓ. என்று வழங்கும் சவ்வு வடிகட்டி ஆர்செனேட்டை நன்றாகத் தடுக்கும், ஆர்செனைட்டை அவ்வளவு தடுக்காது. ஆகவே அதன்வழி வந்த நீரையும் சோதித்தே தெளிய வேண்டும். தோய்ப்பதற்கும் பாத்திரம் கழுவுவதற்கும் அந்நீரைப் பயன்படுத்தலாம். குடிநீருக்கும் சமையலுக்கும் மட்டும் நல்ல நீர் கிடைத்தால் பெரும்பகுதி இடர் விலகும். அரிசியை வேகவைக்கும் நீரும் இக்கணக்கில் சேரும் என்பதை வீட்டுப் பெண்டிர்க்குச் சொல்ல வேண்டுவதில்லை. ஆடவர்க்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இறுதியாக ஒன்று. துரு நஞ்சை அழிப்பதில்லை; பிடித்து வைத்திருக்கிறது, அவ்வளவே. நிரம்பிய பொருளை என்ன செய்வது? அலுமினிய ஆக்சைடைக் காரநீரால் கழுவினால், அதன் பரப்பு எதிர் மின்னேற்றம் பெற்று ஆர்செனிக்கை விடுவிக்கும். கலம் மறுபடி பயன்படும். விடுபட்ட நஞ்சை இரும்போடு சேர்த்துச் சிறு அளவு வண்டலாகத் திரட்டுகிறார்கள். அதனை மண்ணில் புதைப்பதே தக்கது என்று எவர்க்கும் தோன்றும். ஆனால் குப்பையோடு சேர்த்து ஆழப் புதைத்தால், அங்கே காற்று அற்றுப்போய், கழிமுகச் சேற்றில் முன்பு நடந்தது மீண்டும் நடக்கும். துரு கரையும், நஞ்சு நீரில் இறங்கும். ஆதலால் சிப்பூர்க் குழுவினர் அவ்வண்டலைக் காற்று ஊடாடுமாறு அமைத்த பருமணல் படுகையின்மேல் பரப்பி வைக்குமாறு செய்தனர். வீட்டு வடிகட்டி வாங்குவோர் பலரும் அதன் விலையையும் ஆயுளையும் கேட்டறிகின்றனர். ஆயுள் முடிந்த பொருளைத் திரும்ப எடுத்துச் செல்வார் யார், எடுத்து எங்கே வைப்பார் என்பதையும் அந்தக் கடையிலேயே கேட்டு, விடையை எழுதி வாங்கிக்கொள்ளலாம்.